வீடாக எண்ணுவதா, படுக்கையாக எண்ணுவதா: சிங்கப்பூர்க் கட்டடங்கள் சமூகத்தை மாற்றிய கதை

சிங்கப்பூரில் 1970களில் எழுந்த வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகள் பலவற்றில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. ஒன்று, ஐந்து, ஒன்பது என்று சில மாடிகளில் மட்டும் கதவு திறக்கும். ஏழாம் மாடிக்காரர் ஒன்பதில் இறங்கி இரண்டு மாடி கீழே நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐந்தில் இறங்கி மேலே ஏற வேண்டும். அன்று குடிவந்தவர்களில் பெரும்பாலோர் இளம் குடும்பத்தினர். மின்தூக்கி நிற்கும் இடங்களைக் குறைத்தால் கட்டும் செலவு குறையும், வீடு மலிவாகும். அன்றைய கணக்கு சரியாகத்தான் இருந்தது.

முப்பது ஆண்டு போனது. அதே வீடுகளில் அதே மனிதர்கள், இப்போது முழங்கால் வலியோடும் சக்கர நாற்காலியோடும். வாரம் மூன்று முறை டயாலிசிசுக்குப் போக வேண்டியவருக்கு இரண்டு மாடிப் படிக்கட்டு என்பது வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கச் சொல்லும் உத்தரவு மாதிரி. 2001ல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. பழைய புளோக்குகளின் வெளிப்பக்கத்தில் புதிய மின்தூக்கிக் கூண்டுகளை ஒட்டவைத்து, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட புளோக்குகளில் மாடிக்கு மாடி நிற்கும்படி செய்தார்கள். பழைய குடியிருப்புப் பேட்டைகளில் நடக்கும்போது சுவரிலிருந்து தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும் அந்தக் கூண்டுகளைப் பார்க்கலாம். செலவு கட்டுப்படியாகாத சில புளோக்குகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன.

கட்டட வடிவமைப்பு சமூகத்தை மாற்றுமா என்று கேட்பவர்களுக்கு நான் காட்ட விரும்பும் முதல் சான்று இந்த மின்தூக்கிதான். மாற்றும். நல்லதற்கும் மாற்றும், கெட்டதற்கும் மாற்றும். எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் வரைபடம் போடும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. இங்கே வாழப்போகிறவர் யார், அவரை எந்தக் கணக்கில் எண்ணுவது? இனமாகவா, குடும்பமாகவா, வேலையாளாகவா, வெறும் படுக்கையாகவா? சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் இந்த நான்கு கணக்கும் உண்டு.

இனக் கணக்குதான் முதலில் வந்தது. 1822ல், சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் சொன்ன வழிகாட்டுதல்களை வைத்து லெப்டினன்ட் ஃபிலிப் ஜாக்சன் வரைந்த நகரத் திட்டத்தில் ஐரோப்பியருக்கு ஒரு பகுதி, சீனருக்கு ஒரு பகுதி, அரபு மக்களுக்கும் சுலவேசித் தீவிலிருந்து வந்த புகிஸ் மக்களுக்கும் தனித்தனி. ஆற்றோரமாகச் 'சூலியா கம்போங்' என்று குறித்தது சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களுக்கு. இன்றைய சூலியா ஸ்திரீட்டின் பெயரில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. ஆனால் அதே காலத்து வழிகாட்டுதல்களில் இன்னொரு விதியும் இருந்தது: தெருவைப் பார்த்து நிற்கும் ஒவ்வொரு கடைவீட்டின் முன்னாலும் கூரையுள்ள நடைபாதை இருக்க வேண்டும், அது அடுத்த வீட்டு நடைபாதையோடு தொடர வேண்டும், எப்போதும் திறந்திருக்க வேண்டும். நம் ஆட்கள் அதை அஞ்சடி என்றார்கள். பூக்கட்டுபவர், தையல்காரர், கிளி ஜோசியர், வெற்றிலைக் கடைக்காரர் என்று எத்தனையோ பேருக்கு அந்த அஞ்சடிதான் பிழைப்பிடமாக இருந்தது. மழைக்கு ஒதுங்க வந்தவர் எந்த இனம் என்று கூரை கேட்கவில்லை. பிரிக்கும் கோடும் சேர்க்கும் கூரையும் ஒரே ஆட்சியிலிருந்து வந்திருக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. வடிவமைப்பு தன்னளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அது ஒரு முடிவுக்குக் கிடைக்கும் உடம்பு.

அப்புறம் வந்தது வேலையாள் கணக்கு. துறைமுகத் தொழிலாளிகள் தஞ்சோங் பகார் பக்கம், ரயில்வேக்காரர்கள் அவர்களின் குடியிருப்பில், நகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள் நகராட்சி லயன்களில், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்த தமிழரும் மலையாளிகளும் தளத்தை ஒட்டிய வீடுகளில். செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் வேறு ஓர் உலகம். கூரை முதலாளிக்குச் சொந்தம்; வேலை போனால் வீடும் போனது. நீண்ட கட்டடத்தை அறை அறையாகத் தடுத்து, பொதுக் குழாயும் பொதுக் கழிப்பறையும் வைத்த இந்த லயன்களில் நெருக்கமான உறவும் இருந்தது, சாதியும் இருந்தது. யார் எந்த வேலைக்கு வந்தார்கள் என்பதில் சாதி கலந்திருந்ததால், வேலைப்படி பிரித்த வீடுகள் அந்தப் பிரிவைத் தானாகவே தொடர்ந்தன. 1930களிலிருந்து தமிழர் சீர்திருத்தச் சங்கமும் தமிழ் முரசு இதழை நடத்திய கோ. சாரங்கபாணியும் மேடையிலும் பத்திரிகையிலும் சாதிக்கு எதிராகப் போராடினார்கள். ஆனால் மேடையை விட்டு இறங்கியவர் திரும்பிப் போவது அதே வீட்டுக்குத்தானே.

குடும்பத்தை எண்ணத் தொடங்கியபோது

1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. அதற்கு முன்பிருந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை 32 ஆண்டுகளில் கட்டியது சுமார் 23,000 வீடுகள். புதிய கழகம் லிம் கிம் சான் தலைமையில் முதல் ஐந்தாண்டிலேயே ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில், அதாவது கிராமக் குடியிருப்பில், பிடித்த தீ நாலு உயிரைக் கொண்டுபோனது, ஏறத்தாழ 16,000 பேரை நடுத்தெருவில் நிறுத்தியது. அந்த அவசரத்தில் எழுந்த ஓரறை வீடுகள் அழகுக்காகக் கட்டப்பட்டவை இல்லை. தண்ணீர், மின்சாரம், தீப்பிடிக்காத சுவர், இவைதான் வடிவமைப்பு.

சமூக மாற்றம் என்று நான் சொல்வது அதற்கு அடுத்த படி. 1964ல் வீட்டைச் சொந்தமாக வாங்கும் திட்டம் வந்தது. முதலில் கொஞ்சம் பேர்தான் வாங்கினார்கள். 1968ல் ஊழியர்களின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதியிலிருந்து தவணை கட்டலாம் என்று ஆனபிறகுதான் கதவு முழுதாகத் திறந்தது. மாதச் சம்பளம் வாங்கும் துறைமுகத் தொழிலாளியும் துப்புரவுப் பணியாளரும் கையில் ரொக்கம் இல்லாமலே வீட்டுக்காரர் ஆக முடிந்தது. வீட்டை ஒதுக்கியவர்கள் சாதி கேட்கவில்லை. வரிசையில் பெயர் வந்தால் வீடு, அவ்வளவுதான். முதலாளியின் கூரையிலிருந்து தன் கூரைக்கு ஒரு தலைமுறைக்குள் நகர்ந்த தமிழ்க் குடும்பங்களின் எண்ணிக்கையை நினைத்தால், நம் சமூகத்தில் இதைவிடப் பெரிய மாற்றம் எதுவும் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அதற்கு விலையும் கொடுத்தோம். 1966ன் நில எடுப்புச் சட்டம் கம்பங்களையும் தோட்டங்களையும் சிறு கோயில்களையும் ஒருசேர எடுத்துக்கொண்டது. மரத்தடியில் வேலை வைத்துக் கும்பிட்டுத் தொடங்கிய கோயில்கள் இடம் மாற வேண்டியிருந்தது. செம்பவாங்கில் கென்பரா சாலைப் பக்கம் இருந்த புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயில் ஈசூன் தொழிற்பேட்டைக்கு வந்தது அப்படித்தான். தெரு முழுக்கத் தமிழ் கேட்ட இடங்கள் கலைந்து, நான்கு மாடிக்கு ஒரு தமிழ்க் குடும்பம் என்று சிதறினோம். வாசலில் விளையாடும் பிள்ளைகளுக்குப் பொதுமொழி ஆங்கிலம் ஆனது. வீட்டில் தமிழ் பேசுவது குறைகிறது என்று இன்று நாம் கவலைப்படும்போது பள்ளியை மட்டும் குறைசொல்கிறோம். மாடிப்படி அருகே யார் வீட்டுக்கு எதிரே யார் வீடு என்பதற்கும் அதில் பங்கு உண்டு.

அதோடு, குடும்பத்தை எண்ணிய அந்தக் கணக்கில் குடும்பம் இல்லாதவர்கள் வெகுகாலம் வெளியேதான் நின்றார்கள். திருமணமாகாதவர் 35 வயதுக்குமேல் மறுவிற்பனை வீடு வாங்கலாம் என்பதே 1991ல்தான் வந்தது. புதிய ஈரறை வீட்டுக்கு விண்ணப்பிக்க 2013 வரை காத்திருந்தார்கள்.

இன ஒருங்கிணைப்புக் கொள்கைக்கு வருவோம். 1980களின் இறுதியில் சில பேட்டைகளில் ஒரே இனத்தவர் மறுபடி சேரத் தொடங்கியிருந்தார்கள். சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இடையே நடந்த 1964 கலவரங்களை நேரில் பார்த்த தலைமுறைதான் அரசை நடத்தியது. அதைச் சும்மா விட அவர்கள் தயாராக இல்லை. 1989 ஜனவரியில் அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன் திட்டத்தை அறிவித்தார், மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வொரு பேட்டையிலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்சவரம்பு. இந்தியர், பிற இனத்தவர் பிரிவுக்கு 2010ல் அது புளோக்குக்கு 15 விழுக்காடு, பேட்டைக்கு 12 விழுக்காடு என்று உயர்ந்தது.

1822ல் இனங்களைப் பிரித்துப் போட்ட கோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட விதி இது. பலன் கண்ணுக்குத் தெரிகிறது. தீபாவளி முறுக்குத் தட்டு எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்துக்குப் போவதும், நோன்புப் பெருநாளுக்குத் திரும்பி வருவதும், ஒரே இனம் ஒரே தெருவில் இருந்திருந்தால் இவ்வளவு இயல்பாக நடந்திருக்காது. ஆனால் சுமையைச் சமமாகப் பங்கிடாத விதி என்பதையும் மறைக்கக் கூடாது. ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிறைந்துவிட்டால் அங்கே வீடு வைத்திருக்கும் தமிழர் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் சீனர் என்னும் ஊரில் இதற்கு ஒரே பொருள்தான்: வீடு விலைபோக நாளாகும், கிடைக்கும் விலையும் குறையும். 2022 மார்ச்சிலிருந்து, இப்படி விற்க முடியாமல் திணறுபவர்களின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும் வழி ஒன்று வந்திருக்கிறது. ஒற்றுமையின் செலவைச் சிறுபான்மைக் குடும்பங்கள் தங்கள் சேமிப்பிலிருந்து கட்டிக்கொண்டிருந்தன என்பதற்கு அது காலம் தாழ்ந்து கிடைத்த ஒப்புதல் என்றே நான் பார்க்கிறேன். கொள்கை வேண்டும், ஆனால் அதன் செலவு பொதுப்பணத்திலிருந்து போக வேண்டும்.

புளோக்குக்குக் கீழே

விதி ஆட்களைப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கும். அவர்கள் பேசிக்கொள்வார்களா என்பது வேறு விஷயம். அங்கேதான் கட்டடக் கலைஞரின் வேலை தொடங்குகிறது.

முதல் தலைமுறை புளோக்குகளில் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒரே நீண்ட தாழ்வாரம். எல்லாரும் எல்லார் வாசலையும் கடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், ஆனால் சன்னலைத் திறந்துவைக்க முடியாது, கடந்து போகிறவர்களில் பாதிப்பேரைத் தெரியாது. 1969ல் கழகத்தில் சேர்ந்து பின்னர் அதன் தலைமை நிர்வாகியான லியு தை கெர் காலத்தில் இந்தத் தாழ்வாரங்களைத் துண்டுகளாக்கினார்கள். ஒரு துண்டுக்குச் சில வீடுகள்தான். இவ்வளவு பேரை நினைவில் வைத்துக்கொள்ள முடியும், பிள்ளை யாருடையது என்று சொல்ல முடியும். கோலம் போடவும் துளசித் தொட்டி வைக்கவும் கொஞ்சம் உரிமையான இடம் கிடைத்தது. அதே மனிதர்கள் சில நூறு குடும்பங்கள் கொண்ட ஒரு வட்டாரத்தில் விளையாட்டு மைதானத்தையும் நடைபாதையையும் பங்கிட்டுக்கொள்ளும்படி பேட்டைகளின் திட்டமும் மாறியது. எத்தனை வீட்டுக்கு ஒரு தாழ்வாரம் என்ற எண், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் நமக்குத் தெரியுமா தெரியாதா என்பதைத் தொடுகிறது.

கீழ்த்தளத்தைப் பற்றி நிறையப் பேச ஆசை. வாய்ட் டெக் என்றே எல்லாரும் சொல்லும் அந்த வெறும் இடம் 1970களில் புளோக்குகளின் வழக்கமான அம்சமாகிவிட்டது. தூண்கள், சிமென்ட் தரை, கூரை. வேறு எதுவும் இல்லை. அந்த 'எதுவும் இல்லை'தான் அதன் பலம். இன்னதற்கு என்று எழுதிவைக்காத இடத்தை எல்லாரும் எடுத்துக்கொள்ள முடிகிறது. நகர மன்றத்தில் சொல்லி அனுமதி வாங்கினால் சனிக்கிழமை மலாய்த் திருமணம், அடுத்த வாரம் சீனர் வீட்டு இறுதிச் சடங்கு, நம் வீட்டுப் பெரியவர் இறந்தால் நாற்காலி போட்டு உறவுக்காரர் கூடுவதும் அங்கேதான். மின்தூக்கிக்குப் போகிற வழியில் அடுத்தவர் திருமணத்தையும் அடுத்தவர் சாவையும் கடந்து போக வேண்டியிருக்கிறது. வேற்று இனத்தவரின் சடங்கைப் பாடப்புத்தகத்தில் படிப்பதும், அதன் ஊதுவத்தி வாசனைக்கு நடுவே பள்ளிப்பையோடு நடப்பதும் ஒன்றில்லை.

புதிய பேட்டைகளில் இந்த இடம் சுருங்கிவருகிறது. நிகழ்ச்சிகளுக்கு என்று தனிக் கூடாரம் போன்ற மண்டபங்கள் வந்துவிட்டன. மிச்சமிருக்கும் கீழ்த்தளத்தில் பாலர் பள்ளியும் முதியோர் நிலையமும் வந்திருக்கின்றன, அவை வேண்டியவைதான். ஆனால் பந்து விளையாடாதே என்ற பலகையும், உட்கார முடியாதபடி சரித்த மேடைகளும் கூடும்போது, யாருக்கும் சொந்தமில்லாததால் எல்லாருக்கும் சொந்தமாக இருந்த ஒன்றை இழக்கிறோம். இதைத் திட்டமிடுபவர்கள் இடத்தை வீணாக்காமல் பயன்படுத்தும் சிக்கனமாகப் பார்க்கலாம். எனக்கு அது இழப்பாகவே படுகிறது.

அண்மைக் காலத்தில் கணக்கை மாற்றிப் பார்த்ததற்கு நல்ல உதாரணம் கம்போங் அட்மிரல்டி. வோஹா நிறுவனம் வடிவமைத்து 2018ல் திறந்த பதினொரு மாடிக் கட்டடம், அதே ஆண்டு உலகக் கட்டடக்கலை விழாவில் உலகின் சிறந்த கட்டடமாகத் தேர்வானது. கீழே எல்லாப் பக்கமும் திறந்த பொதுச்சதுக்கம், அதன்மேல் உணவங்காடி நிலையம், அதன்மேல் மருத்துவ நிலையம், அதற்கும் மேலே பாலர் பராமரிப்பும் மூத்தோர் நடவடிக்கை மையமும் அக்கம்பக்கமாக, கூரையில் காய்கறித் தோட்டம். 104 வீடுகளும் மூத்தோருக்கு. பெரியவருக்கு மருத்துவரும் சாப்பாடும் பேச்சுத்துணையும் மின்தூக்கி தூரத்தில் கிடைக்க வேண்டும் என்று முதல் நாளே எண்ணியிருக்கிறார்கள். வீட்டு வாசலில் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேச ஒரு பெஞ்சு வைத்திருப்பது கூட வரைபடத்திலேயே இருந்தது. ஐந்துக்கும் ஒன்பதுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட அந்த ஏழாம் மாடிக்காரரை மனத்தில் வைத்துக் கட்டியது போல இருக்கிறது. இந்த வட்டாரத்தின் பெயரே பழைய பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தை நினைவூட்டுவது. லயன் வீடுகளில் வளர்ந்த தலைமுறைக்கு அந்த மண்ணுக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு கட்டடம் வந்திருப்பது நிறைவு தருகிறது.

படுக்கைக் கணக்கு

இவ்வளவும் பேசிவிட்டு வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளைப் பேசாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்து இந்த வீவக புளோக்குகளையும் எம்ஆர்டி ரயில் சுரங்கங்களையும் கட்டுகிறவர்கள் குடியிருக்கும் இடம் அது. அங்கே எண்ணிக்கையின் அலகு குடும்பம் இல்லை, வீடு இல்லை, படுக்கை. விடுதியின் அளவையே இத்தனை படுக்கை என்றுதான் சொல்கிறார்கள். கூரை முதலாளியோடு கட்டுப்பட்டது, வேலை போனால் இடமும் போகும். நம் தாத்தாக்கள் விட்டுவந்த லயன் கணக்குத்தான் இது.

2008ல் சிராங்கூன் கார்டன்சில் பழைய பள்ளி ஒன்றை விடுதியாக்கும் திட்டத்துக்குக் குடியிருப்பாளர்கள் மனுப்போட்டு எதிர்த்தார்கள். விடுதி வந்தது, ஆனால் அளவு சுருங்கியது, ஊழியர்கள் பேட்டைக்குள் நடமாடாமல் போய்வர அங் மோ கியோ பக்கமாகத் தனிச் சாலை போடப்பட்டது. வாய்ட் டெக் போட்ட அதே ஊர், அதே திறமை. மனிதர்களைச் சந்திக்கவைக்க எப்படி வரைய முடியுமோ அப்படியே சந்திக்கவிடாமலும் வரைய முடியும். 2013 டிசம்பர் 8 இரவு லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, கடையும் உடற்பயிற்சிக்கூடமும் விளையாட்டுத் திடலும் உள்ளேயே இருக்கும் பெரிய விடுதிகள் தீவின் ஓரங்களில் பெருகின. வசதிகள் கூடியது உண்மை. அதோடு, ஊழியர் ஊருக்குள் வர வேண்டிய காரணங்களும் குறைந்தன.

2020 ஏப்ரலில் கொவிட் அந்த அறைகளுக்குள் நுழைந்தது. ஓர் அறையில் பன்னிரண்டு, பதினாறு பேர், இரட்டை அடுக்குக் கட்டில், பொதுக் கழிப்பறை. தொற்றைப் பரப்ப வேறென்ன வேண்டும்? அந்த ஆண்டு டிசம்பரில் மனிதவள அமைச்சு வெளியிட்ட கணக்குப்படி விடுதிகளில் இருந்த சுமார் 323,000 பேரில் ஏறத்தாழ 152,000 பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. வெளியே பொதுமக்களிடம் கட்டுக்குள் இருந்த அதே கிருமி. ஆட்களின் ஒழுக்கம் பற்றிய பேச்சுகள் அப்போது நிறைய வந்தன. ஒரு மீட்டர் இடைவெளி விடு என்று சொல்லும் சுவரொட்டிக்கு, ஒரு மீட்டர் இல்லாத அறையில் என்ன பொருள் என்பதைக் கட்டடம் தெரிந்த எவரும் சொல்லியிருக்க முடியும்.

2021 செப்டம்பரில் புதிய விடுதிகளுக்கான தரம் அறிவிக்கப்பட்டது: ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர், ஓர் அறையில் 12 பேருக்கு மேல் கூடாது, கட்டில்களுக்கு நடுவே ஒரு மீட்டர், அறையை ஒட்டியே கழிப்பறை, ஆறு பேருக்கு ஒன்று என்ற விகிதத்தில். முன்னைவிட நிச்சயம் மேல். 2023 ஏப்ரலிலிருந்து ஏழு படுக்கை உள்ள சிறிய விடுதிகள் வரை உரிமச் சட்டத்துக்குள் வந்திருக்கின்றன. இதைச் சாதாரணமாக ஒதுக்கிவிடக் கூடாது. அளவும் விகிதமும் எழுத்தில் வந்தால்தான் ஆய்வாளர் நாடாவை எடுத்து அளக்க முடியும்.

இருந்தாலும் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். கம்போங் அட்மிரல்டியின் சிறிய வீடு 36 சதுர மீட்டர், சமையலறையும் குளியலறையும் சேர்த்து, ஒருவருக்கோ தம்பதிக்கோ. விடுதித் தரத்தில் அதே தரைப்பரப்பில் எட்டுப் பேர் தங்கலாம். இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் தாழ்வாரத்தைத் துண்டாக்கி, வாசலில் பெஞ்சு வைத்து, மின்தூக்கியை மாடிக்கு மாடி நிறுத்திய அக்கறையில் ஒரு பங்காவது விடுதி வரைபடத்துக்கும் போக வேண்டும். ஊரில் இருக்கும் மனைவியோடு வீடியோவில் தனியாகப் பேச ஓர் ஒதுக்கிடம். இரவுப் பணி முடிந்தவர் பகலில் தூங்க இருட்டான ஓர் அறை. பேருந்து நிறுத்தத்துக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் கடைக்கும் நடந்தே போக வழி. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் உட்கார நிழலும் கழிப்பறையும். இவை எல்லாம் வரையக்கூடிய விஷயங்கள்தான், இந்த ஊர்க் கட்டடக் கலைஞர்களுக்கு வரையத் தெரிந்த விஷயங்கள்.

ஏற்கெனவே இருக்கும் விடுதிகளுக்குக் கெடு வேறு. 2023ல் அறிவித்தபடி, 2030க்குள் அவை ஆளுக்கு 3.6 சதுர மீட்டர் என்ற இடைக்காலத் தரத்துக்கு வர வேண்டும், புதிய தரத்தை முழுதாக எட்ட 2040 வரை அவகாசம். விடுதி நடத்துபவர்களின் செலவையும் படுக்கைகளின் பற்றாக்குறையையும் பார்த்து வைத்த தேதி அது. அந்த அறிவிப்பு வந்த ஆண்டில் 25 வயதில் மன்னார்குடியிலிருந்தோ பட்டுக்கோட்டையிலிருந்தோ வந்து இறங்கிய ஒருவருக்கு 2040ல் 42 வயது ஆகியிருக்கும். அவரைக் கணக்கில் வைத்திருந்தால் தேதி முன்னாலேயே வந்திருக்க வேண்டும். இன்னும் முன்னால் கொண்டுவர முடியும், அதற்கான பணமும் திறமையும் இந்த நாட்டில் இருக்கின்றன.